புழுக்காரி

ஜெசிந்தாவின் கையில் முதல் பிளாஸ்திரியை ஒட்டியபோது அவளுக்கு இருபது வயது. நானூறு மீட்டர் ஓட்டத்தில் மாநிலப் பயிற்சி முகாமுக்கு அவள் பெயர் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"அரிக்கும். சொறிஞ்சிடாதீங்க," என்றாள் நர்ஸ்.

அரித்தது. முழங்கைக்குக் கீழே நெருப்பெறும்பு ஊர்வது போல இருந்தது. கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சுகள் தோலைத் துளைத்து ரத்தத்தில் இறங்குகின்றன, நுரையீரல் வரை போய், தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டு, கடைசியில் குடலில் போய்க் கடித்துக்கொண்டு தங்கிவிடும் என்று முன்பே விளக்கியிருந்தார்கள். அம்மா மரியபுஷ்பம் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்கள் மகளைப் பார்க்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் இருந்த மகனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பெலிக்ஸ் ஜெசிந்தாவுக்கு மூன்று வயது மூத்தவன். பல் மருத்துவம் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் காலையில் வலது கண்ணில் புகை மூட்டம் போலத் தெரிகிறது என்றான். பிறகு கை நடுங்கியது. பிறகு கால். உடம்பைப் பாதுகாக்க வேண்டிய அணுக்களே நரம்புகளின் மேலுறையை அரித்துத் தின்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். ஊசி, மாத்திரை எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று கல்லீரலைக் கெடுத்தது, இன்னொன்று ஒன்றுமே செய்யவில்லை. சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிட வேண்டியிருந்தது. இருபத்து மூன்று வயதுப் பையன் பொத்தான் போடும் நேரம் முழுக்கச் சுவரையே பார்த்துக்கொண்டு இருப்பான்.

அப்போதுதான் திருச்சியில் அந்தச் சிகிச்சையைத் தொடங்கியிருந்தார்கள். டாக்டர் ஹமீதா குடும்பத்தையே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்.

"நம்ம உடம்புல ஒரு காவல் படை இருக்கு. லட்சக்கணக்கான வருஷமா அது வயித்துப் புழுவோட மல்லுக்கட்டியே பழகினது. இப்ப நாம செருப்பு போடறோம், கக்கூஸ் கட்டிட்டோம், பள்ளிக்கூடத்துலயே பூச்சி மாத்திரை குடுக்கறோம். ரொம்ப நல்ல விஷயம்தான். ஆனா சில பேரோட உடம்புல அந்தப் படைக்கு எதிரி யாருன்னு குழம்பிப் போயிடுது. வீட்டுக்காரனையே அடிக்க ஆரம்பிக்குது."

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா சவரிமுத்து, நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "அப்ப இவன் வயித்துல புழுவ விடணுங்கறீங்களா?"

"ஆமாங்கய்யா. சாதாரணக் கொக்கிப்புழுவ விட்டுப் பாத்தாச்சு. பெரிய பலன் இல்ல. இது கொஞ்சம் மாத்தியமைச்ச புழு. எந்த உடம்புல வளருதோ அந்த உடம்போட சாயல அப்படியே மேல போத்திக்கும். நெருங்கின ரத்த சொந்தத்தோட உடம்புல சில தலைமுறை வளர்ந்துச்சுன்னா, அந்தக் குடும்பத்தையே படிச்சிடும். அதுக்கப்புறம் நோயாளி உடம்புக்குள்ள விட்டா, படை அதப் பாத்து அடங்கிடுது."

"நேரா இவன் உடம்புலயே வளர விடக் கூடாதா?"

"நோய் வந்துட்ட உடம்புல அது உயிரோட இருக்கும். முட்டை வெக்காது. எதையும் படிக்கவும் படிக்காது. அதனாலதான் இன்னொரு உடம்பு வேணும்."

"ஆடு, பன்னி ஏதாவது?" என்றாள் அம்மா.

"மனுஷ உடம்புதாம்மா வேணும்."

எல்லோருடைய ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட். அம்மாவுக்குச் சர்க்கரை. அவர்கள் பொருந்தியிருந்தாலும் ஆகியிருக்காது. ஜெசிந்தாவின் ரத்தம் அண்ணனோடு அச்சு அசலாகப் பொருந்தியது.

"எத்தனை நாளைக்கு டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"ஒரு வருஷம். அதுக்குள்ள லேப்லயே வளர்க்கற முறை வந்துடும்."

சம்மதமா என்று அவளை யாரும் தனியாகக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விபரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா அப்படிப் பிடித்து அவளுக்கு ஞாபகம் இல்லை. அந்தக் கையை உருவிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

பெலிக்ஸுக்குக் கொஞ்சம் புழுக்கள் போதும். ஆனால் போதிய முட்டை கிடைக்க வேண்டுமென்றால் ஜெசிந்தாவின் குடலில் நிறைய இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் அதன் பங்குக்குக் கொஞ்சம் ரத்தம் குடிக்கும். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். பேரீச்சம்பழம், முருங்கைக் கீரை, ஈரல் என்று அம்மாவும் பார்த்துப் பார்த்துச் சமைத்தாள். ஆனாலும் முகாமில் கடைசி நூறு மீட்டரில் அவளுடைய தொடை இரண்டும் சாக்கு மூட்டையாகின. நெஞ்சு அடித்துக்கொள்ளும், காது அடைக்கும். கோச் முதலில் திட்டினார். பிறகு தனியாக அழைத்து, "வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். மழைக்காலம் தொடங்குவதற்குள் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

அதே மழைக்காலத்தில் பெலிக்ஸ் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டான்.

அம்மா கூடத்தில் முழந்தாளிட்டு அழுதாள். வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக வேண்டியிருந்தாள், சர்க்கரைக் காலோடு நடந்தும் போனாள். அண்ணன் எழுந்து நடமாடுவதைப் பார்த்து ஜெசிந்தாவும் அழுதாள். அந்த அழுகையில் பொய் எதுவும் இல்லை. பின்னாளில் எவ்வளவோ கசந்த பிறகும், அன்றைக்கு வந்த சந்தோஷத்தை அவளால் மறுக்க முடிந்ததில்லை.

ஒரு வருடம் முடிந்தது. லேபில் வளர்த்த புழுக்கள் இரண்டு தலைமுறை உயிர் வாழ்ந்து, மூன்றாவதில் மொத்தமாகச் செத்துப்போயின. மறுபடி முயன்றார்கள், மறுபடி செத்தன. அடுத்த வருடம், அதற்கும் அடுத்த வருடம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர்கள், ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். மனித உடம்புகள்தான் நன்றாக வேலை செய்கின்றனவே, வேறு வழி தேட யாருக்கு அவசரம்?

அதற்குள் நாடு முழுக்கச் சிகிச்சை பரவிவிட்டது. புழு வளர்ப்பவர்களுக்கு 'துணையாளர்' என்று அரசாங்கம் பெயர் வைத்தது. குடியரசு தினத்தன்று மாவட்ட ஆட்சியர் சிலருக்குச் சால்வை போர்த்தினார். தம்பிக்காக அக்கா, அண்ணனுக்காகத் தங்கை, மகனுக்காக அம்மா. டாக்டர் ஹமீதாவே ஒருமுறை சலித்துக்கொண்டார். "இத்தனை வருஷத்துல என்கிட்ட வந்த துணையாளர்கள்ல ஆம்பளைங்கள எண்ணறதுக்கு ஒரு கை விரலே ஜாஸ்தி, ஜெசிந்தா. பொருந்தாம இல்ல. பொருந்தும். வேலைக்குப் போகணும்பாங்க, உடம்பு தாங்காதும்பாங்க."

ஊர் அவர்களைத் துணையாளர் என்று கூப்பிடவில்லை. புழுக்காரி என்றது.

ஜெசிந்தா ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதுகிற பி.டி. மிஸ். விஷயம் எப்படியோ கசிந்து, பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "வயித்துல புழு இருக்கறவங்கள பிள்ளைங்க பக்கத்துல விடறது சரியா?" என்று கேட்டார். தொற்றாது என்று ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிக் கொடுத்தாள். வேலை தப்பித்தது. ஆனால் ஆசிரியர் அறையில் அவளுடைய டம்ளரை மட்டும் ஜன்னல் மேடையில் தனியாகக் கவிழ்த்து வைத்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வருடத்துக்கு இரண்டு முறை குடற்புழு நீக்க நாள் வரும். வரிசையில் வரும் பிள்ளைகளின் உள்ளங்கையில் பூச்சி மாத்திரையை வைத்து, அவர்கள் மென்று விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பது பி.டி. மிஸ்ஸின் வேலை.

மாதா மாதம் மலத்தை டப்பாவில் எடுத்து, பையில் வைத்து, பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாள். அதிலிருந்து முட்டைகளைப் பிரித்து, குஞ்சு பொரிக்க வைத்து, சுத்தம் செய்து, பெலிக்ஸின் கைக்குப் பிளாஸ்திரி தயார் செய்வார்கள். அந்த டப்பாவைப் பற்றிப் பெலிக்ஸ் ஒருநாளும் பேசியதில்லை. தில்லை நகரில் கிளினிக் திறந்தான். பெனிட்டாவைக் கல்யாணம் செய்துகொண்டான். ஏஞ்சலின் பிறந்தாள். 'என் ட்ரீட்மென்ட்' என்பான். அது ஏதோ மருந்துக்கடையிலிருந்து வருவது போல இருக்கும்.

ஜெசிந்தாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பள்ளிக்கூடத்து மின்கம்பத்தில் பழுது பார்க்க வந்த மின்வாரிய ஊழியன் மார்ட்டின் மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"உங்களப் பத்தி ஊர்ல ஒண்ணு சொல்றாங்களே, நெஜமா?" என்று நேராகவே கேட்டான்.

"நெஜந்தான்."

"நான் தெனமும் கரண்டு கம்பத்துல ஏறி எறங்கறவன். புழுவுக்கெல்லாம் பயப்பட மாட்டேன்," என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். அடுத்த தவக்காலம் முடிந்ததும் கல்யாணம் நடந்தது. அப்பா அந்தக் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் கண் மூடினார். அம்மா அண்ணன் வீட்டோடு போய்விட்டாள்.

இரண்டு முறை கர்ப்பம் தரித்து இரண்டு முறையும் கலைந்தது. இரண்டாவது முறை ஐந்தாம் மாதம். கருவுக்கு உருவம் வந்திருந்தது. மார்ட்டின் அதைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போய்க் கல்லறைத் தோட்டத்தில் ஓரமாகப் புதைத்துவிட்டு வந்தான். அவளிடம் இடத்தைச் சொல்லவில்லை.

"இந்த ரத்தத்த வெச்சுக்கிட்டு நீங்க ஒருத்தர் நடமாடறதே பெருசு," என்றார் மகப்பேறு மருத்துவர். "இதுல இன்னொரு உயிரு எங்கேருந்தும்மா குடிக்கும்? பூச்சி மாத்திரையப் போட்டு எல்லாத்தையும் வெளியேத்துங்க. அப்புறம் வாங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணன் வீட்டில் சாப்பாடு. கிளினிக்குக்கு மேல் மாடியில் வீடு. பெனிட்டா ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தாள். பாதிச் சாப்பாட்டில் ஜெசிந்தா விஷயத்தைச் சொன்னாள்.

"ரெண்டு வருஷந்தான்ம்மா. பிள்ளை பொறந்து பால் மறந்ததும் மறுபடி போட்டுக்கறேன்."

அம்மாவின் கை சோற்றிலேயே நின்றது. "நடுவுல நிறுத்தலாமா? டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ஆஸ்பத்திரில கொஞ்சம் புழுக்குஞ்ச உறைய வெச்சிருக்காங்களாம். ரெண்டு வருஷத்துக்குச் சமாளிக்கலாம்னாங்க."

"சமாளிக்க முடியலன்னா? இவன் கை நடுங்கறத இன்னொரு தடவை என்னப் பார்க்கச் சொல்றியா ஜெசி?"

"ரெண்டு பிள்ளை போயிடுச்சும்மா."

"பிள்ளை கடவுள் குடுக்கறது. நேரம் வந்தா தங்கும். இல்லன்னா ஒண்ணத் தத்து எடுத்து வளருங்க. எத்தனை பேரு எடுத்து வளர்க்கறாங்க!"

மார்ட்டின் தட்டிலிருந்து கையை எடுத்தான். "அத்தை, ஒரு நாளாவது இவ எப்படி மாடிப்படி ஏர்றான்னு பாத்திருக்கீங்களா? பாதியில உக்காந்து மூச்சு வாங்கிட்டுத்தான் வர்றா. இன்னைக்குக்கூட உங்க வீட்டுப் படியில உக்காந்துட்டுத்தான் வந்தா."

"மாப்பிள்ளை, நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல..."

"அவ இஷ்டம்மா," என்றான் பெலிக்ஸ். அதுவரை அவன் எலும்பைச் சுத்தமாகக் கடித்துக்கொண்டிருந்தான். "அவ உடம்பு. எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கட்டும். நான் என்னைக்காவது அவள வற்புறுத்தியிருக்கேனா?"

உண்மைதான். அவன் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. கேட்டதும் இல்லை, நன்றி சொன்னதும் இல்லை. கேட்காமலேயே கிடைத்துக்கொண்டிருந்த ஒன்றுக்கு என்ன பேச இருந்தது? பெனிட்டா எழுந்து போய்த் தண்ணீர் ஜாடியோடு வந்தாள். "எங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கா ஜெசி," என்று மட்டும் சொன்னாள். எல்லோரும் மறுபடி சோற்றைப் பிசைந்தார்கள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

அன்று மாலை மார்ட்டின் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க, ஜெசிந்தா மாத்திரையை விழுங்கினாள். அவள் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அதே மாத்திரை. ஒரு வாரத்துக்குள் எல்லாம் வெளியேறிவிட்டன.

முதலில் நகக்கண்கள் சிவந்தன. பிறகு உதடு. கண்ணாடியில் தன் முகத்தை அவள் கூர்ந்து பார்த்தாள். பத்து வருடங்களுக்கு மேலாகத் தான் வெளிறிப்போய்க் கிடந்தது இப்போதுதான் தெரிந்தது. ஒருநாள் மைதானத்தில் வேலி ஓரமாக உருண்டு போன பந்தை எடுக்க, ஒரு மாணவியை அனுப்புவதற்குப் பதில் தானே எழுந்து ஓடினாள். போய்ப் பந்தை எடுத்தவள் நிற்காமல் மைதானத்தை முழுசாக ஒரு சுற்று ஓடிவிட்டுத்தான் வந்தாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவளுக்குச் சேலையில் ஓடியது அப்புறம்தான் உறைத்தது.

அந்த வருடக் கடைசியில் கர்ப்பமானாள். அந்த முறை தங்கியது. செலின் நல்ல எடையோடு பிறந்தாள், கருகருவென்று முடி. உயரத்தில் வேலை செய்து பழகிய மார்ட்டின், குழந்தையைக் கையில் வாங்கியதும் சுவரில் சாய்ந்துகொண்டான்.

பெலிக்ஸ் அப்போதும் நன்றாகத்தான் இருந்தான். உறைய வைத்த இருப்பு கைகொடுத்தது. ஆனால் அம்மா தினமும் போன் செய்தாள்.

"பிள்ளைக்குக் கஞ்சி குடுக்க ஆரம்பிச்சிட்டியா?"

"ஆறு மாசம் ஆகட்டும்மா."

"நாங்கல்லாம் நாலு மாசத்துலயே குடுத்தோம். இன்னும் எவ்ளோ நாளைக்குப் பால் குடுப்ப?"

பேத்தி சிரித்தாளா, குப்புற விழுந்தாளா என்று அம்மா கேட்கவில்லை. கஞ்சியைப் பற்றித்தான் கேட்டாள். போனை வைத்ததும் ஜெசிந்தா குழந்தையை மார்போடு இன்னும் இறுக்கிக்கொள்வாள். வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் நாள் கொடுப்போம் என்று நினைப்பாள்.

செலின் தவழத் தொடங்கியிருந்த நேரம். காலில் போட்டுக் குளிப்பாட்டுவதற்காக ஜெசிந்தா வெந்நீரை விளாவி, இடது கையை விட்டுப் பார்த்தாள். பதமாகத்தான் தெரிந்தது. ஒரு சொம்பு மொண்டு குழந்தையின் முதுகில் ஊற்றினாள். செலின் வீறிட்டாள். அப்படி ஒரு சத்தம் அந்தக் குழந்தையிடமிருந்து வந்ததில்லை. மார்ட்டின் ஓடிவந்து குழந்தையைத் தூக்கிவிட்டு, அண்டாவில் கை வைத்தவன் வெடுக்கென்று எடுத்தான்.

"ஏய், கொதிக்குதுடி! கைய விட்டுப் பாக்கலயா?"

"பாத்தேனே," என்றாள் அவள். "சுடலயே."

மறுபடி இடது கையை வைத்தாள். சுடவில்லை. வலது கையை வைத்தாள், சுட்டது. குழந்தையின் முதுகு செக்கச்செவேலென்று ஆகியிருந்தது. கொப்புளம் வராமல் தப்பித்ததே பெரிய விஷயம். அவள் தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் ஹமீதா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அவருக்கு இப்போது தலை நரைத்திருந்தது.

"உங்களுக்கும் வந்திருக்கு, ஜெசிந்தா."

"அண்ணனுக்கு வந்ததா?"

"அதேதான். ரெண்டு பேருக்கும் ரத்தம் அப்படியே பொருந்தறப்பவே நான் யோசிச்சிருக்கணும்."

"இத்தனை வருஷமா எனக்கு ஒண்ணும் இல்லையே டாக்டர்?"

"இத்தனை வருஷமா உங்களுக்குள்ள புழு இருந்துச்சே." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுதான் அடக்கி வெச்சிருந்திருக்கு. அது போனப்புறம் கர்ப்பம் அடக்கி வெச்சிருக்கு. கர்ப்பத்துல உடம்பு கொஞ்சம் சாந்தமா இருக்கும். இப்ப ரெண்டும் இல்ல."

ஜெசிந்தா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். தன் ரத்தத்தைக் குடித்தவை, தன் ஓட்டத்தையும் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோனவை. அவைதான் தன்னை நிமிர்ந்து நிற்கவும் வைத்திருந்தன. யாரிடம் போய்க் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சரி, மறுபடி போட்டுடுங்க," என்றாள் கடைசியில். "எனக்கும் ஆச்சு. அண்ணனுக்கும் ஆச்சு."

"எங்கேருந்து போடறது? உங்க குடும்பத்தப் படிச்ச புழு உங்க வயித்துல மட்டுந்தான் வளர்ந்துட்டு இருந்துச்சு. உறைய வெச்சது போன மாசம் பெலிக்ஸுக்குப் போட்டதோட முடிஞ்சுது. புதுசாத் தொடங்கணும்னா நோய் இல்லாத ஒரு உடம்பு வேணும். உங்களுக்கு நோய் எழுந்திரிச்சிடுச்சு. இனிமே உங்க உடம்புல அது முட்டை வெக்காது."

"அம்மா?"

"அவங்களோட சர்க்கரைக்கும் வயசுக்கும் ஒரு மாசம் தாங்க மாட்டாங்க."

அந்தக் கோடையில் பெலிக்ஸின் கையும் நடுங்கத் தொடங்கியது. ஒரு பெரியவருக்குப் பல் எடுத்துக்கொண்டிருந்தபோது கையிலிருந்த கருவி நழுவி அவருடைய ஈறைக் கிழித்துவிட்டது. கிளினிக்கை மூடினார்கள். அம்மா போன் செய்வதை நிறுத்திவிட்டாள். ஒரே ஒருமுறை செய்து, "அன்னைக்கே சொன்னேன், நீ கேக்கல," என்று அழுதுவிட்டு வைத்தாள். மகளுக்கும் அதே நோய் என்பது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

ஜெசிந்தாவின் இடது கால் தரையில் இழுபட ஆரம்பித்தது. பள்ளியில் நீண்ட விடுப்பு போட்டாள். குழந்தையைத் தனியாகத் தூக்கக் கூடாது என்று மார்ட்டின் சொல்லியிருந்தான். அவன் மெதுவாகத்தான் சொன்னான், ஆனாலும் அவள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெலிக்ஸ் வந்தான். ஆட்டோவிலிருந்து இறங்கி, கைத்தடியை ஊன்றி, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். மார்ட்டின் அவனைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான். "வாங்க மச்சான்," என்றான், அதற்கு மேல் பேசப் பிடிக்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கஞ்சி காய்ச்சச் சமையலறைக்குப் போய்விட்டான்.

அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்குப் போனது வலது கை, அவளுக்கு இடது கை.

"கண்ணு எப்படி இருக்கு?" என்றான்.

"ஓரத்துல புகை மாதிரி."

"எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது." மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னான். "நீ எவ்ளோ கஷ்டப்பட்டேன்னு எனக்குத் தெரியும் ஜெசி. பேசினா நீ நிறுத்திடுவியோன்னு பயம். அதான் பேசவே இல்ல."

 வேறு ஒரு நாளில் அந்த வார்த்தைக்காக அவள் அழுதிருப்பாள்.

"ஒண்ணு சொல்லணும். கோபப்படாமக் கேளு," என்றான். "செலின் பொறந்த அன்னைக்குத் தொப்புள்கொடி ரத்தத்துல கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினேன். அந்த ஆஸ்பத்திரில என் கூடப் படிச்சவன் இருக்கான்."

"என்ன டெஸ்ட்?"

அவன் கைத்தடியின் பிடியைத் தடவினான். இருபது வயதில் தனக்கு எடுத்த அதே ரத்தப் பரிசோதனை என்று அவளுக்குப் புரிவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் முதுகுத்தண்டு முழுக்கக் குளிர்ந்தது. உணர்வு போன இடது பக்கம்கூடக் குளிர்ந்தது போல இருந்தது.

"பொறந்த அன்னைக்கா? அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் மறுபடி போட்டுக்கறேன்னு சொல்லியிருந்தேனே அண்ணே."

"நீ போட்டுக்காம விட்டுட்டா?"

"ஏஞ்சலினுக்குப் பாத்தியா?"

அவன் சமையலறைப் பக்கம் பார்த்தான்.

"உன் பொண்ணுக்குப் பாத்தியான்னு கேக்கறேன்."

"பெனிட்டா ஒத்துக்கல," என்றான் தரையைப் பார்த்து.

சமையலறையில் மார்ட்டின் பாட்டு முனகிக்கொண்டிருந்தான். செலின் கரண்டியால் எதையோ தட்டினாள்.

"துணையாளருக்குப் பதினெட்டு வயசு ஆகணும்," என்றாள் ஜெசிந்தா. "அதுக்குள்ள நாம ரெண்டு பேரும் படுக்கைல கிடப்போம்."

"சட்டத்த மாத்தறாங்க. பெத்தவங்க ரெண்டு பேரும் சம்மதிச்சாப் போதுமாம். டில்லியில பேச்சு நடக்குது. பன்னெண்டு வயசுங்கறாங்க. சின்ன அளவுல தொடங்கறதா இருந்தா ஆறு வயசுலயேன்னும் சொல்றாங்க. அஞ்சாறு வருஷம் எப்படியாவது மருந்துல ஓட்டிடலாம் ஜெசி. நீயும் நானும்."

வெளியே போ என்கிற வார்த்தை அவளுடைய தொண்டை வரை வந்தது. மார்ட்டினைக் கூப்பிட்டு, இவரைத் தூக்கி ஆட்டோவில் போடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தையின் ரத்தத்தைத் திருடியவன். தன் மகளை மட்டும் தள்ளி நிறுத்திக்கொண்டவன். ஆறு வயதில் ஒரு பிள்ளையின் நகக்கண் எப்படி வெளிறும் என்று அவளுக்குத் தெரியும். மைதானத்தில் கடைசி நூறு மீட்டரில் என்ன ஆகும் என்று தெரியும். ஜன்னல் மேடையில் தனியாகக் கவிழ்த்து வைக்கிற டம்ளர் தெரியும்.

இடது காலை மடக்கி எழுந்திருக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

சமையலறையில் தட்டும் சத்தம் நின்றது. மார்ட்டின் கஞ்சியை ஊதி ஊதி ஆற்றுவது கேட்டது.

அவனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பொருந்துச்சா?" என்று கேட்டாள்.